பதினொரு சான்றிதழ்களும் ஓர் 'ஏலே'யும்

நெல்லைச் சீமையில் இளைஞர்களோடு வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தும் அதிகாரிகளுக்கும், தொண்டு நிறுவனத்தாருக்கும், கருத்தாளர்களாக வந்து பேசுகிறவர்களுக்கும்

வணக்கம்.

நான் நாங்குநேரி வட்டாரத்தில் ஒரு கிராமத்துக் கபடிக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். பகலில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருக்கிறேன். மாலை ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுக் குளத்தங்கரைக்குக் கீழே இருக்கும் மண் களத்துக்குப் போய்விடுவேன். பதினான்கு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரை இருபது, இருபத்தைந்து பையன்கள் வருவார்கள். பதினேழு ஆண்டுகளாக இதுதான் என் மாலைப்பொழுது. சம்பளம் எதுவும் கிடையாது. கோயில் கொடை விழாப் போட்டியில் கோப்பை கிடைத்தால், அதைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வரும்போது எனக்கும் ஒரு மாலை விழும்.

உங்கள் முகாம்களுக்கு நான் புதியவன் அல்ல. போன வாரம் பீரோவை ஒதுங்க வைக்கும்போது எண்ணிப் பார்த்தேன். பதினொரு சான்றிதழ்கள் இருக்கின்றன. இளைஞர் தலைமைத்துவப் பயிற்சி, ஆளுமைத் திறன் மேம்பாட்டு முகாம், விளையாட்டு வழி நல்லிணக்கம், போதை ஒழிப்புத் தூதுவர் பயிற்சி என்று ஒவ்வொன்றிலும் தங்க நிறக் கரை போட்டு, என் பெயரை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். அதில் இரண்டு தவறு.

முகாம் நாள் எப்படிப் போகும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலை ஒன்பதரைக்குப் பதிவு. ஒரு கோப்பு, ஒரு பேனா, கோடு போடாத ஒரு குறிப்பேடு. பத்தே முக்காலுக்குச் சிறப்பு விருந்தினர் வருவார். குத்துவிளக்கு, பொன்னாடை, அவருக்கு அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதால் அவர் பேச்சை முதலில் வைத்துக்கொள்வது. பிறகு பலூன் ஊதும் விளையாட்டு. நாற்பத்தெட்டு வயதில் நான் இதுவரை ஆறு முறை பலூன் ஊதி உடைத்திருக்கிறேன். மதியம் சாம்பார் சாதம், தயிர் சாதம், ஓர் அப்பளம். சாப்பாட்டுக்குப் பிறகு திரையில் 'சிறந்த தலைவரின் பத்துப் பண்புகள்'. மூன்றரைக்குக் குழுப்படம். அதற்குப் பிறகு கருத்துப் படிவம். நாலு பத்துக்கு எனக்குப் பஸ். அதனால் எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்று டிக் அடித்துவிட்டு ஓடிவிடுவேன். அந்தப் படிவங்களை வைத்துத்தான் அடுத்த முகாமையும் இதே மாதிரி நடத்துகிறீர்கள் என்றால், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதைக் கழிக்கத்தான் இந்த மடல்.

முகாமில் பேசியதெல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. பேச வந்தவர்களில் நல்லவர்கள் பலர். ஆனால் மறுநாள் மாலை களத்தில் நான் நிற்கும்போது, அந்தப் பத்துப் பண்புகளில் ஒன்றுகூட என் கைக்கு எட்டியதில்லை.

களத்தில் நடப்பது என்ன என்று ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

கபடியில் களத்தில் நிற்கும் ஏழு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாடிவருகிறவனுக்கு முப்பது விநாடிதான். அதற்குள் அவன் கோட்டைத் தொடாமல் மடக்க வேண்டும். கார்னரில் நிற்பவனும் பக்கத்தில் நிற்பவனும் விரல் கோத்துச் சங்கிலி போட்டால்தான் ஆள் அகப்படுவான். விரல் நழுவினால் பாயிண்ட் போச்சு. சில ஆண்டுகளுக்கு முன்பு நல்ல அணி ஒன்று அமைந்தது. ஆனாலும் இடது பக்கம் ஓட்டையாகவே இருந்தது. பிடி விட்டுக்கொண்டே இருந்தது. பையனுக்குக் கையில் பலம் இல்லை என்று நினைத்துத் தண்டால் கூட்டினேன். பிறகு ஒருநாள் களத்து மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கைகளை மட்டும் கவனித்தேன். கார்னரில் நின்றவன் அடுத்தவனுடைய விரலைப் பிடிக்கவில்லை. அவன் ஜெர்சியின் கை நுனியைப் பிடித்திருந்தான். துணி வழுக்கும்போதெல்லாம் ஆள் தப்பினான். அவன் மணிக்கட்டில் சாதியைக் காட்டும் இரண்டு நிறக் கயிறு. அடுத்தவன் வேறு தெரு.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான் செய்தது இதுதான்: எல்லார் முன்னாலும் அவனைப் பெயர் சொல்லி அழைத்து, கயிற்றை அறுக்கச் சொன்னேன். அறுத்தான். மறுநாள் அவனும் இன்னும் மூன்று பேரும் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் சித்தப்பா கடைக்கு வந்து, "விளையாட்டை மட்டும் சொல்லிக் கொடுங்கள் அண்ணாச்சி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அதற்கு முன்பு 'விளையாட்டு வழி நல்லிணக்கம்' முகாமில் நான் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நாம் எல்லாரும் ஒன்று என்று பாட்டுப் பாடினோம். விரலுக்குப் பதில் துணியைப் பிடிக்கிறவனிடம் என்ன பேசுவது, தனியாகப் பேசுவதா, கூட்டத்தில் பேசுவதா, அவன் வீட்டாரிடம் முதலில் போவதா என்று யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு அன்றைக்கு என்னிடம் அந்தக் கேள்வியே இருக்கவில்லை. அது எனக்குக் கிடைத்தது மூன்று மாதம் கழித்து, களத்தில். அப்போது முகாம் முடிந்து, பேனர் யாரோ ஒருவர் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் முன்பெல்லாம் வானமாமலைப் பெருமாள் கோயிலைப் பற்றிக் கேட்பார்கள். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு வேறு ஒன்றைக் கேட்கிறார்கள். உடன் படித்த மாணவனை வீடு புகுந்து வெட்டிய பையன்களும் பள்ளிச் சீருடை போட்டவர்கள்தான். அதன் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. அவர் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டு கூடாது என்று பல பரிந்துரைகள். அவற்றைப் பற்றி ஆதரித்தும் எதிர்த்தும் நிறையப் பேசினார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. பள்ளி வாசலில் அவிழ்த்த கயிறு, சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது மறுபடியும் கைக்கு வந்துவிடுகிறது. பையன் பள்ளிக்கூடத்தில் ஏழெட்டு மணிநேரம்தான் இருக்கிறான். மிச்ச நேரத்தில் அவன் களத்தில் இருக்கிறான், ஜிம்மில் இருக்கிறான், டீக்கடைத் திண்ணையில் இருக்கிறான், கொடை விழாவுக்கு வசூல் செய்கிற கூட்டத்தில் இருக்கிறான். அங்கெல்லாம் அவனோடு இருக்கிற பெரியவர்கள் நாங்கள்தான். கபடி வாத்தியார், சிலம்ப ஆசான், மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிற அக்கா, விடுதிக் காப்பாளர், நூலகர், தேவாலயத்து இளைஞர் குழுவைப் பார்த்துக்கொள்கிறவர். எங்களை யாரும் நியமிக்கவில்லை. அதனால் எங்களுக்கு யாரும் பொறுப்பும் இல்லை.

இனி ட்ரில் வாத்தியார் கதை. என் பதினேழு ஆண்டில் நான் பெற்ற பயிற்சி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதுதான்.

கயிற்றுச் சண்டை நடந்து குழு உடைந்திருந்த சமயம். பக்கத்து ஊரில் பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் நின்றேன். "வந்து பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் சார்" என்றேன். "சொல்ல மாட்டேன், பார்க்க வேண்டுமானால் வருகிறேன்" என்றார். நான்கு மாலை வந்தார். வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, கையில் ஒரு பழைய டைரியை வைத்துக்கொண்டு என்னவோ கோடு கிழித்துக்கொண்டிருந்தார். நான்காவது நாள் பையன்கள் போன பிறகு டைரியைக் காட்டினார். ஒரு பக்கத்தில் பெயர்கள், பெயருக்கு எதிரே நெல் மூட்டைக்குக் கணக்குப் போடுவது மாதிரி ஐந்தைந்தாகக் கோடுகள்.

"தம்பி, நீ ஒரு பையனைக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு கோடு போட்டேன். பதினாறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய். ஐந்து பேரை 'ஏலே' என்றுதான் கூப்பிடுகிறாய். நாலு நாளில் ஒருமுறைகூட அவர்கள் பெயர் உன் வாயில் வரவில்லை. அந்த ஐந்து பேரும் எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. நீயே யோசித்துக்கொள்."

நம் ஊரில் 'ஏலே' என்பது வசவு அல்ல, பாசமான சொல்லும்கூட. அப்படித்தான் நான் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அப்படியென்றால் மற்ற பதினாறு பேர் மேல் உனக்குப் பாசம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு டைரியை மூடினார்.

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் களத்தில் சாதி கிடையாது என்று பத்து மேடையில் பேசியிருக்கிறேன். கயிறு கட்டிய பையனுக்கு அது மணிக்கட்டில் இருந்தது, எனக்கு நாக்கில் இருந்தது. ஐந்து பேரின் பெயரையும் கடை நோட்டில் எழுதிவைத்து, மறுநாளிலிருந்து பெயர் சொல்லியே அழைத்தேன். முதல் வாரம் அவர்களே திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்தார்கள். அவர் சொன்ன இன்னொரு யோசனைப்படி, சங்கிலியில் யாருக்குப் பக்கத்தில் யார் என்பதை ஒவ்வொரு நாளும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். பிரிந்துபோனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் வரவே இல்லை. துணியைப் பிடித்தவன் வந்தான். இப்போது விரலைப் பிடிக்கிறான், ஆட்டம் முடிந்ததும் கையைக் களத்து மண்ணில் தேய்த்துக்கொள்வான். வியர்வைக்காகத்தான் தேய்க்கிறான் என்று நான் நம்ப விரும்புகிறேன்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அவர் எனக்கு எதையும் போதிக்கவில்லை. என் வேலையை என் இடத்துக்கு வந்து பார்த்தார். நான்கு நாள் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். மூன்று மாதம் கழித்து, கேட்காமலே, மறுபடியும் ஒருமுறை வந்து அதே கல்லில் உட்கார்ந்தார். இதற்குச் சான்றிதழ் தரவில்லை. இப்போது அவர் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதக் கை வராமல்தான் இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தேன்.

பிளஸ் டூ முடிவு வந்த ஒருநாள் இரவு, பத்தேகால் மணிக்கு ஒரு பையனிடமிருந்து போன். "அண்ணாச்சி, நாளையிலிருந்து நான் களத்துக்கு வரமாட்டேன். என் ஜெர்சியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்றான். நன்றாக ஆடுகிற பையன், அடுத்த வாரம் வள்ளியூர்ப் பக்கம் போட்டி. எனக்கு எரிச்சல்தான் வந்தது. "கொடுப்பதாக இருந்தால் துவைத்துக் கொண்டுவந்து கொடு" என்றேன். "சரி அண்ணாச்சி" என்று வைத்துவிட்டான். பதினொரு மணிக்கு அவன் அம்மா போன் செய்தார்கள், பையனைக் காணோம் என்று. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினோம். குளத்தங்கரையில் மதகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். உயிரோடு இருந்தான். பக்கத்தில் ஜெர்சி. துவைத்திருந்தான். இன்னும் ஈரமாக இருந்தது.

அவன் இப்போது ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போகிறான், தீபாவளிக்குத் தவறாமல் வருகிறான். ஆனால் அந்த ஈரத்துணி என் கையை விட்டுப் போகவில்லை. பிறகு அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது, அங்கிருந்த மனநல ஆலோசகர் ஒரு பெண், வராண்டாவில் நின்றுகொண்டே பத்து நிமிடத்தில் எனக்கு விளக்கினார். தனக்குப் பிரியமான பொருளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால் அது ஓர் எச்சரிக்கை. புத்தி சொல்லக் கூடாது, முதலில் கேட்க வேண்டும். 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே விதைத்துவிடுவோம் என்பது வீண் பயம். கேட்டுவிட்டால் தனியாக விடக் கூடாது. 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி இரவும் பகலும் கட்டணமில்லாமல் கிடைக்கும். அந்த எண்ணைச் சொல்லி, நாமும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். பத்து நிமிடம். பதினொரு முகாம்களில் ஒன்றிலாவது இந்தப் பத்து நிமிடத்துக்கு இடம் கிடைத்திருந்தால், அன்றைக்கு இரவு நான் ஜெர்சியைத் துவைக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

சட்டத்தைப் பற்றியும் அப்படித்தான். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்திருப்பதாகத் தெரிந்தால், நடக்கக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தால்கூட, காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. எனக்குத் தெரிந்த ஒரு படிப்பு மையத்து அக்காவிடம் ஒரு பிள்ளை அழுதுகொண்டே ஒன்றைச் சொன்னபோது, அந்த அக்கா ஊர்ப் பெரியவர்களிடம் போனார். 'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்றார்கள். பேசி முடிப்பது குற்றம் என்று அந்த அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். நல்ல வேளையாக அந்தப் பிள்ளையின் ஆச்சி பிடிவாதக்காரி. பஸ் பிடித்து நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

பயிற்சி கொடுக்க நாட்டில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 1961-இல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தில் 'என்.ஐ.எஸ்.' பயிற்சியாளர் படிப்பு முடித்தவர்கள் ஆட்ட நுணுக்கம் அறிந்தவர்கள். ஆனால் என் குறை ஆட்ட நுணுக்கத்தில் இல்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் வந்தது. கல்லூரியில் அந்தத் திட்ட அலுவலராகும் பேராசிரியருக்கு அறிமுகப் பயிற்சி உண்டு, கல்லூரிக்கு வெளியே இருக்கும் எனக்குக் கிடையாது. இளைஞர் மேம்பாட்டுக்கென்றே ஸ்ரீபெரும்புதூரில் 1993 முதல் ராஜீவ் காந்தி பெயரில் தேசிய நிறுவனம் இருக்கிறது. இளைஞர்களோடு வேலை செய்வது ஒரு தொழில், அதற்குப் படிப்பு உண்டு என்று சொல்லும் இடம். நாங்குநேரியிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர். கடையைப் பூட்டிவிட்டு நான் எங்கே போக?

இத்தனைக்கும் இது பாளையங்கோட்டை இருக்கிற சீமை. சாராள் தக்கர் பெயரில் பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி 19-ஆம் நூற்றாண்டிலேயே நடந்த ஊர், பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அந்தக் காலத்திலேயே தனிப் பள்ளி வைத்து யோசித்த ஊர். தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு என்று நாமே நமக்குப் பட்டம் கட்டிக்கொள்கிறோம். அந்தப் பெருமையில் கால் பங்கு நாலுவழிச் சாலையில் தெற்கே வந்தால் போதும்.

நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் முகாம் இனி வேண்டாம். அதற்குப் பதிலாக மாதத்துக்கு ஒருமுறை, தாலுகாவுக்கு ஓர் இடத்தில், மூன்று மணிநேரம் எங்களை உட்கார வையுங்கள். மாவட்டத்தில் எட்டுத் தாலுகா. ஆண்டுக்குத் தொண்ணூற்றாறு அமர்வு. பெரிய எண் மாதிரித் தெரியும். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் பதினைந்து பேருக்கு மேல் கூடாது, மேடை கூடாது. ஒரு பள்ளி வகுப்பறையும் டீயும் போதும். ஞாயிறு காலை பத்து முதல் ஒன்று வரை என்றால் என்னைப் போன்ற கடைக்காரனுக்குச் சரி. தேவாலயத்து இளைஞர் குழுக்காரருக்குச் சரிவராது, அவருக்கு வேறு நாள் பாருங்கள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றிக்கொண்டே பிள்ளைகளுக்குப் படிப்பு மையம் நடத்துகிற அக்காமார் இருக்கிறார்கள். ஒருநாள் தட்டை இறக்கி வைத்தால் அன்றைய கூலி போகும். டவுன் பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் செலவே இல்லை என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். போகிற கூலியைக் கொடுங்கள். பொன்னாடைக்குச் செலவழித்த பணத்திலேயே அதில் பாதி வந்துவிடும்.

அந்த அமர்வில் என்ன நடக்க வேண்டும்? அந்த மாதம் நடந்த ஒன்றை ஒருவர் சொல்ல வேண்டும். பிள்ளையின் பெயர் இல்லாமல், தெரு இல்லாமல். மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். 'நான் இந்த இடத்தில் சறுக்கினேன்' என்று சொன்னால் அது அந்த அறையை விட்டு வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். இது கிடைக்காவிட்டால் மற்ற எதுவும் பயனில்லை; முகாமில் எல்லாரும் தத்தம் சாதனையைத்தான் சொல்கிறோம், நானும் அப்படித்தான் சொன்னேன். வழிநடத்துகிறவர் ஓராண்டு முழுக்க ஒரே ஆளாக இருக்க வேண்டும். மாதத்துக்கு ஓர் ஆள் வந்தால் எங்கள் கதையை முதலிலிருந்து சொல்வதிலேயே பன்னிரண்டு மாதமும் போய்விடும். போன மாதம் நான் சொன்னதை அவர் நினைவு வைத்திருந்து, "அந்தப் பையன் இப்போது விரலைப் பிடிக்கிறானா?" என்று கேட்க வேண்டும். அதோடு, ஆண்டுக்கு இரண்டு மாலையாவது அவர் எங்கள் களத்துக்கும் மையத்துக்கும் வந்து சும்மா உட்கார வேண்டும். கையில் ஒரு பழைய டைரி இருந்தால் நல்லது.

அப்படிப்பட்ட ஆட்கள் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், ஆனால் சிதறிக் கிடக்கிறார்கள். பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. சட்டம் தெரிந்தவர்கள் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகில் இருக்கிறார்கள். அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. பையன்கள் எப்படி வம்பில் விழுகிறார்கள் என்று அங்கே படிக்கிறவர்கள் எங்கள் களத்துக்கு வந்து படிக்கலாம். ஓய்வு பெற்ற ட்ரில் வாத்தியார்கள் ஊருக்கு ஒருவர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களை ஒரே அறையில் உட்கார வைக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. செலவு ஆகாது என்று பொய் சொல்ல மாட்டேன். நல்ல ஆலோசகருக்கு உரிய கட்டணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இலவசமாக வருகிறவர் மூன்றாம் மாதம் வரமாட்டார். எட்டுத் தாலுகாவிலும் ஒன்றாகத் தொடங்க முடியாவிட்டால் இரண்டில் தொடங்குங்கள். ஒன்று நாங்குநேரியாக இருக்கட்டும். காரணம் சொல்லத் தேவையில்லை.

சேவை மனம் உள்ளவனுக்குப் பயிற்சி எதற்கு என்று உங்களில் ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார். பாராட்டாகத்தான் சொன்னார். பதில் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. ஜெர்சியைத் துவைத்துக் கொண்டுவா என்று சொன்ன இரவிலும் எனக்குச் சேவை மனம் இருக்கத்தான் செய்தது.

முதலுதவி பற்றித் தனியாக ஒரு வரி. களத்தில் கழுத்தில் அடிபட்டு விழுந்தவனை நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுவதை எல்லாக் கொடைப் போட்டியிலும் பார்க்கிறேன். கழுத்தை அசைக்கக் கூடாது என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தாமிரபரணியில் குளிக்கப் போய் மூழ்கியவனைக் கரையில் போட்டு வயிற்றை அமுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதற்கு மட்டும் ஒருநாள் முகாம் நடத்துங்கள். பொம்மையைக் கொண்டுவந்து, ஒவ்வொருவரையும் முட்டி போட்டு நெஞ்சை அமுக்கச் சொல்லுங்கள். இதில் குழுப்படம் எடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பையன்களுக்குக் கனவு இருக்கிறது. பக்கத்து மாவட்டத்து மணத்தி கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடியவர் என்று எங்கள் ஊரில் பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். இந்திய அணிக்குப் போகப்போவது ஆயிரத்தில் ஒருவன். மிச்சப் பேர் மோட்டார் கடையிலும் காற்றாலை வேலையிலும் திருப்பூரிலும் துபாயிலும் இருப்பார்கள். என் களத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த மிச்சப் பேர்தான்.

இந்த மடலைப் படித்துவிட்டு என்னை அடுத்த முகாமுக்குச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட வேண்டாம். உங்களில் யாராவது ஒருவர், காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, ஒரு மாலை களத்துக்கு வாருங்கள். ஐந்தரைக்குத் தொடங்கிவிடுவோம். வேப்பமரத்தடிக் கல் காலியாகத்தான் இருக்கிறது. பையன்களிடம் நீங்கள் யார் என்று நான் சொல்லமாட்டேன்; மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு கபடி வாத்தியார்,
நாங்குநேரி வட்டாரம்

பி.கு.: என் பெயரில் தவறு உள்ள இரண்டு சான்றிதழ்களையும் திருத்தித் தர வேண்டாம். ஒன்றின் பின்பக்கத்தில் இந்த மடலின் முதல் பிரதியை எழுதிவிட்டேன்.